உயரமானவர்களுக்கு லேடீஸ் சைக்கிள் பொருந்துமா?

லேடீஸ் சைக்கிளைப் பற்றி இரண்டு பேச்சு எப்போதும் அடிபடும். ஒன்று, அது பெண்களுக்கு மட்டும்தான். இன்னொன்று, அது குட்டையானவர்களுக்குத்தான். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் இருந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும் என்பார்கள்.

முதல் பேச்சுக்கு 1990களின் தொடக்கத்திலேயே புதுக்கோட்டைப் பெண்கள் பதில் சொல்லிவிட்டார்கள். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் பழகியவர்களுக்கு லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பலர், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே குறுக்கே பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஆக, பார் இருப்பதும் இல்லாததும் எப்படி ஏறி இறங்குகிறோம் என்பதைப் பொறுத்த விஷயம். வேட்டி கட்டுபவர், மூட்டுவலியால் காலைத் தூக்கிச் சுழற்ற முடியாதவர், பின் கேரியரில் குழந்தைக்கான சீட் மாட்டியிருப்பவர் என எல்லோருக்கும் பார் இல்லாத பிரேம்தான் வசதி.

இரண்டாவது பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. கடையிலிருந்து வந்த நிலையில் பெரும்பாலான லேடீஸ் சைக்கிள்கள் உயரமானவருக்குச் சரிப்படாது. ஆனால் காரணம் பார் இல்லாதது அல்ல. சீட் கம்பியின் நீளமும் ஹேண்டிலின் இடமும்தான் காரணம். பெரும்பாலும் இரண்டையும் மாற்றிவிடலாம்.

கடையில் சொல்லும் எண் எதை அளக்கிறது?

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். பழைய கறுப்பு ஜென்ட்ஸ் சைக்கிளை "22 இன்ச்", "24 இன்ச்" என்று சொல்வோம். அது பிரேமின் அளவு. அந்தச் சைக்கிளின் சக்கரம் 28 இன்ச். அதே கடையில் லேடீஸ் சைக்கிளைக் காட்டி "26 இன்ச்" என்பார்கள். அது சக்கரத்தின் அளவு. பிரேம் 18 அல்லது 20 இன்ச்சாக இருக்கும். 24ஐ விட 26 பெரிது என்று நம்பி வாங்கினால், கைக்கு வருவது சிறிய பிரேம்.

பிரேம் அளவு என்பது சீட் குழாயின் நீளம். பெடல் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து, சீட் கம்பி நுழையும் குழாயின் மேல் விளிம்பு வரை டேப் பிடித்தால் வருகிற எண் அது. சக்கரம் பெரிதாவதால் மட்டும் சைக்கிள் உங்கள் உடலுக்குப் பொருந்திவிடாது. பெரிய சக்கரம் பள்ளத்தைச் சற்று எளிதாகத் தாண்டும், அவ்வளவுதான்.

சுருக்கமாக: லேடீஸ் சைக்கிளில் பெரும்பாலும் சொல்லப்படுவது சக்கர அளவு. பிரேம் அளவைக் கடைக்காரரிடம் கேட்பதை விட டேப் வைத்து நாமே அளந்துவிடுவது நல்லது.

பார் இல்லாவிட்டால் எந்தக் கணக்கு மாறுகிறது?

குரங்குப் பெடல் அடித்துப் பழகிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். பார் மேலே குறுக்கே நின்றதால், கால் எட்டாத பிள்ளைகள் பிரேமுக்குள் காலை விட்டு ஓட்டினார்கள். ஜென்ட்ஸ் சைக்கிளில் பிரேம் அளவுக்கு மரியாதை வந்ததே அந்தப் பாரால்தான். சைக்கிளின் மேல் காலை விரித்து நின்றால் பாருக்கும் கவட்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். அதனால் உயரத்துக்கு ஏற்றபடி பல அளவுகளில் பிரேம் செய்தே ஆக வேண்டியிருந்தது.

பார் இல்லாத பிரேமில் அந்தக் கட்டாயம் இல்லை. குட்டையானவரும் உயரமானவரும் ஒரே பிரேமில் ஏறி நிற்க முடியும். அதனால் பல தயாரிப்பாளர்கள் ஒரே அளவில் செய்து முடித்துக்கொள்கிறார்கள். ஏற முடிவது வேறு, பொருந்துவது வேறு. சட்டைக்கு 40 என்று காலரில் போட்டிருந்தால் மார்பு சரியாக இருக்கும். கை நீளம் உங்கள் மணிக்கட்டு வரை வருமா என்பதை அந்த எண் சொல்லாது. உயரமானவரைப் பொறுத்தவரை லேடீஸ் சைக்கிளின் பிரேம் எண்ணும் அப்படித்தான். அதைத் தாண்டி இரண்டு தூரங்களைப் பார்க்க வேண்டும்: பெடலிலிருந்து சீட் வரை உள்ள தூரம், சீட்டிலிருந்து ஹேண்டில் பிடி வரை உள்ள தூரம்.

சீட் உயரத்தைத் தரையை வைத்து முடிவு செய்யக் கூடாது

நம் ஊரில் சீட்டை எப்படி வைக்கிறோம்? உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும் என்று வைக்கிறோம். பழகும் நாட்களில் அது சரி. பழகிய பிறகும் அதே உயரத்தில் ஓட்டுவதுதான் முழங்கால் வலிக்குப் பெரிய காரணம்.

தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். உடம்பு அதே எடைதான். ஆனால் முழங்கால் எவ்வளவு அதிகம் மடங்கியிருக்கிறதோ, அவ்வளவு சிரமம். தாழ்ந்த சீட்டில் ஒவ்வொரு மிதியும் குத்துக்காலிலிருந்து எழுவது போல. உயரமானவருக்கு இது இரட்டிப்புத் தொல்லை, ஏனென்றால் பெடலை அச்சோடு இணைக்கும் பெடல் கையின் நீளம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 16.5 முதல் 17 செ.மீ. கால் மட்டும் நீளம். மிச்ச நீளம் எல்லாம் மடங்கி மேலே வந்து நிற்கும்.

சீட்டின் உயரம் பெடலிலிருந்துதான் கணக்கு. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் ஏறக்குறைய நேராகி, லேசான மடிப்பு மட்டும் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் சீட்டில் உட்கார்ந்தபடி தரையில் பாதம் பதியாது. விரல் நுனி தொடும், அல்லது அதுவும் தொடாது. பலர் பயப்படுவது இதற்குத்தான். இந்தப் பயத்துக்கு நல்ல மருந்தே லேடீஸ் சைக்கிள்தான்! நிற்க வேண்டிய இடம் வந்ததும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து முன்பக்கம் வழுக்கி இறங்கினால் போதும். குறுக்கே இடிக்கப் பார் இல்லை. கிளம்பும்போது ஒரு பெடலைக் கடிகாரத்தில் இரண்டு மணி காட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, அதை மிதித்து எழும்பி, பிறகு சீட்டில் உட்காரலாம். ஆளில்லாத தெருவில் பத்து முறை செய்தால் பழகிவிடும்.

உள்கால் அளவும் ஒரு பெருக்கலும்

கவட்டிலிருந்து தரை வரை உள்ள நீளத்துக்கு உள்கால் அளவு என்று பெயர். பேன்ட் தைக்க டெய்லர் எடுக்கும் அளவு இதைவிடக் குறையும்; அதைப் பயன்படுத்தாதீர்கள்.

வெறுங்காலில், சுவரில் முதுகு ஒட்டி, பாதங்களை ஒரு சாண் இடைவெளியில் வைத்து நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, அதன் முதுகு மேலே பார்த்தபடி வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துகிற அளவுக்கு மேலே அழுத்துங்கள். புத்தகம் சாயாமல் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். இன்னொருவர் அதன் மேல் விளிம்பில் பென்சில் கோடு போட, தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

அந்த எண்ணை 0.88ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை சீட் குழாயின் போக்கிலேயே இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 178 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு உள்கால் 84 செ.மீ. என்று வையுங்கள். 84 × 0.88 என்பது ஏறக்குறைய 74 செ.மீ. பந்தய ஓட்டக்காரர்களிடமிருந்து வந்த கணக்கு இது. தினசரி ஓட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. குறைவாக இருந்தாலும் பாதகமில்லை.

கணக்கு வேண்டாம் என்றால் குதிகால் சோதனை இருக்கிறது. வழக்கமாகப் போடும் செருப்போடு, சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதால் தேவையான மடிப்பு தானாக வந்துவிடும்.

நாள்பட்ட தாழ்ந்த சீட்டை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு செ.மீ. போதும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் இன்னும் தாழ்வு. பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ உயரம் கூடிவிட்டது.

சீட் போஸ்ட்: உண்மையான தடை

இப்போது அந்த 74ஐச் சைக்கிளில் பொருத்திப் பார்ப்போம். பிரேம் 18 இன்ச், அதாவது 46 செ.மீ. ஸ்பிரிங் வைத்த சீட் தன் கிளிப்பிலிருந்து மேற்பரப்பு வரை 7 செ.மீ. என்று கொள்வோம். மிச்சம் 21 செ.மீ. அவ்வளவு நீளம் சீட் போஸ்ட் வெளியே தெரிய வேண்டும். சீட்டைத் தாங்கும் கம்பியைத்தான் சீட் போஸ்ட் என்கிறோம். உள்ளே குறைந்தது 8 செ.மீ. இருக்க வேண்டும். ஆக 29 செ.மீ. தேவை. சைக்கிளோடு வந்த போஸ்ட் 20 செ.மீ. என்றால், 12 செ.மீ.க்கு மேல் வெளியே இழுக்க முடியாது. அதற்கு மேல் இழுத்து "இப்போ உயரம் சரியாயிருக்கு" என்று ஓட்டுவது ஆபத்து.

பல போஸ்ட்களில் குறுக்குக் கோடுகள் வெட்டியிருக்கும். அந்தக் கோடு குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லாவிட்டால் போஸ்டை முழுதாக உருவி எடுத்து, அடிமுனையிலிருந்து 8 செ.மீ. அளந்து பெயிண்டால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

லேடீஸ் பிரேமில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஜென்ட்ஸ் பிரேமில் பார் வந்து சீட் குழாயின் உச்சியிலேயே சேர்கிறது. லேடீஸ் பிரேமில் மேற்குழாய் சாய்ந்து, சீட் குழாயின் நடுப்பகுதியில் சேர்கிறது. அந்தச் சேர்மானத்துக்கு மேலே உள்ள குழாய்க்கு முன்பக்கத்திலிருந்து தாங்கல் இல்லை. குட்டைப் போஸ்டை உச்சிவரை இழுத்து, கனமான ஆள் உட்கார்ந்து, பள்ளத்தில் விழுந்தால், போஸ்ட் கடப்பாரை போல அந்தக் குழாயைப் பின்னோக்கி நெம்பும். குழாயின் வாய் கோணும். நாளடைவில் சேர்மானத்தருகே பெயிண்ட் மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்புக்குக் கீழே உலோகமும் விரிசல் விட்டிருக்கலாம். உடனே ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

அதனால் 30 செ.மீ. போதும் என்றாலும் 35 அல்லது 40 செ.மீ. போஸ்ட் வாங்குங்கள். உள்ளே 14 செ.மீ.யாவது இறங்கி, முடிந்தால் அந்தச் சேர்மானத்தையும் தாண்டினால் நெம்பும் பாரம் பரவலாகிவிடும்.

வாங்கும்போது விட்டம்தான் உயிர். பழைய போஸ்டில் 25.4, 27.2 என்பது போல மில்லிமீட்டர் எண் பொறித்திருக்கும். இல்லையென்றால் வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 0.2 மி.மீ. வித்தியாசம்கூட வழுக்கும் அல்லது நுழையாது. சற்று மெலிந்த போஸ்டுக்கு டின் தகட்டைச் சுற்றிச் சொருகித் தருவது பல கடைகளில் வழக்கம். சீட் தாழ்ந்திருந்தால் அது தாங்கலாம். 21 செ.மீ. வெளியே நிற்கும் போஸ்டில் தாங்காது. ஒரு மாதத்தில் ஆட்டம் கொடுக்கும். சரியான விட்டமே கிடைக்காவிட்டால் மட்டும், அதற்கென்றே விற்கும் குழாய் வடிவ ஷிம் போடலாம். போஸ்டுக்கு லேசாகக் கிரீஸ் தடவி இறக்குங்கள். இல்லையென்றால் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து இறுகிவிடும்.

இதுவரை பார்த்தது: உள்காலிலிருந்து சீட் உயரம், அதிலிருந்து போஸ்டின் நீளம். லேடீஸ் சைக்கிள் தனக்குச் சின்னது என்று நினைப்பவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

கைக்கும் முழங்காலுக்கும் இடம்

சீட்டிலிருந்து ஹேண்டில் பிடி வரை உள்ளதைக் கையெட்டு என்று வைத்துக்கொள்வோம். இது குறுகினால், உயரமான பிள்ளை ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தது போல ஆகும். முழங்கால் மேலே வரும், முதுகு கூனும், ஹேண்டிலைத் திருப்பும்போது பிடி தொடையில் குத்தும்.

சீட்டை ஏற்றும்போதே கையெட்டு கொஞ்சம் கூடிவிடுகிறது. சீட் குழாய் நேராக நிற்பதில்லை. தரையோடு ஏறக்குறைய 70 பாகைக் கோணத்தில் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் போஸ்டை 10 செ.மீ. ஏற்றினால் சீட் சுமார் 3.4 செ.மீ. பின்னாலும் போகும். கூடவே முழங்காலும் தாழும். ஆகவே ஹேண்டிலில் கை வைப்பதற்கு முன் சீட்டைச் சரிசெய்யுங்கள். வரிசை மாறினால் இரட்டை வேலை.

அதன் பிறகும் இடித்தால் ஹேண்டிலை ஏற்றலாம். ஹேண்டில்பாரைத் தாங்கி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்குக்குள் இறங்கும் தண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். அதன் தலையிலுள்ள போல்ட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். போல்ட் தலைமேல் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு கீழே விழுந்து ஸ்டெம் விடுபடும். முன்சக்கரத்தை முழங்கால்களால் இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலைத் திருகியபடி மேலே தூக்குங்கள். இங்கேயும் குறிக்கோடு உண்டு. கோடு இல்லையென்றால் 6.5 செ.மீ. கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும். இறுக்கிய பின், சக்கரத்தைக் கால்களால் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பலமாகத் திருப்பிப் பாருங்கள், அசையக் கூடாது.

கம்பி பிரேக் வைத்த சைக்கிளில் ஒரு எச்சரிக்கை. ஹேண்டில் மேலே போனால் பிரேக் கம்பியும் அதோடு மேலே இழுபடும். பிரேக் கட்டை ரிம்மில் உரசி, பிடிக்காமலேயே பிரேக் பிடித்தது போல நிற்கும். கம்பியின் இணைப்பு நட்டைத் தளர்த்தி, ஏற்றிய அளவுக்கு நீட்டி இறுக்க வேண்டும். ஒயர் பிரேக் என்றால் ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பி, ஒயர் விறைக்கிறதா என்று பாருங்கள். விறைத்தால் நீள ஒயர் போட்டே ஆக வேண்டும்.

ஏற்றியும் போதவில்லை என்றால் ஹேண்டில்பாரையே மாற்றலாம். லேடீஸ் சைக்கிளின் ஹேண்டில்பார் பின்பக்கமாக வளைந்து வந்து பிடிகளை ஓட்டுபவரிடம் கொண்டுவரும். வளைவு குறைந்த ஹேண்டில்பார் போட்டால் கை முன்னே தள்ளிப் போகும். கம்பி பிரேக் சைக்கிளில் பிடிகளும் கம்பிகளும் அந்த ஹேண்டில்பாரோடு சேர்ந்தவை என்பதால், இந்த மாற்றம் எளிதில்லை. சீட் கிளிப்பைத் திருப்பி மாட்டிச் சீட்டைச் சில சென்டிமீட்டர் பின்னால் கொண்டுபோவது அங்கே சுலபமான வழி. ஏற்கெனவே பின்னால் இருந்தால் மட்டும் அதற்கு மேல் வழியில்லை.

கையெட்டு சரியா என்று பார்க்க, வெற்றிடத்தில் மெதுவாக எட்டுப் போடுங்கள். பிடி முழங்காலைத் தொடாமல் திரும்ப வேண்டும். செருப்பின் நுனி முன் மட்கார்டில் படுகிறதா என்பதையும் அதே வட்டத்தில் பாருங்கள். பெரிய பாதத்துக்குச் சின்ன பிரேமில் இது நடக்கும். வேகத்தில் தெரியாது, மெதுவாகத் திரும்பும்போது சட்டென்று தட்டும்.

உயரமானவர் ஓட்டினால் ஏன் அலைகிறது?

வீட்டு இரும்புக் கேட்டில் மூலைவாட்டுப் பட்டை ஒன்று இருக்கும். அதை அறுத்துவிட்டால் கேட் தொங்கத் தொடங்கும். நான்கு பக்கச் சட்டம் கோணும், முக்கோணம் கோணாது. ஜென்ட்ஸ் பிரேமின் பார் முன்பகுதியை ஏறக்குறைய முக்கோணமாக்குகிறது. லேடீஸ் பிரேமில் ஹேண்டிலுக்குக் கீழே உள்ள ஹெட் குழாயையும் சீட் குழாயையும் இணைக்கும் குழாய்கள் இரண்டும் கீழே சாய்ந்தபடி நெருங்கி ஓடுகின்றன. அதனால் முன்பகுதி சற்று முறுக்கிக் கொடுக்கும். தயாரிப்பாளர்கள் குழாயின் சுவரைத் தடிப்பாக்கி இதை ஈடுகட்டுகிறார்கள். லேடீஸ் சைக்கிள் கனமாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

உயரமான உடம்பின் பாரம் மேலேயும் பின்னேயும் இருப்பதால் முறுக்கு கூடுதலாகத் தெரியும். கேரியரில் அரிசி மூட்டையும் ஏறினால் ஹேண்டில் அலையும். பாரத்தைக் கேரியரின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிட்டு, சீட்டை ஒட்டி முன்னே கட்டுங்கள். டயரில் காற்று குறைந்திருந்தாலும், ஹெட் பேரிங் தளர்ந்திருந்தாலும் இதே அலைச்சல் வரும். பிரேமைக் குறை சொல்லும் முன் அவற்றைப் பாருங்கள்.

எந்த இடத்தில் பெரிய பிரேம் வேண்டும்?

நீள போஸ்ட் போட்டும் வெளியே 25 செ.மீ.க்கு மேல் தெரிகிறது, அல்லது ஸ்டெம்மைக் கோடு வரை ஏற்றியும் பிடி சீட்டை விட மிகத் தாழ்ந்தே இருக்கிறது என்றால் அந்த பிரேமோடு மல்லுக்கட்ட வேண்டாம். உள்கால் 88 செ.மீ.க்கு மேல் உள்ளவர்கள் தொடக்கத்திலேயே 20 இன்ச் பிரேமைத் தேடுவது நல்லது. அதே உடம்புக்கு 5 செ.மீ. போஸ்ட் மிச்சமாகும்.

உயரமானவர்கள் நிறைந்த நெதர்லாந்தில் பார் இல்லாத சைக்கிளையே 49 செ.மீ. தொடங்கி 61 செ.மீ. வரை பல அளவுகளில் விற்கிறார்கள். ஆண்களும் சாதாரணமாக ஓட்டுகிறார்கள். இங்கே கியர் வைத்த ஹைபிரிட் வகையில் தாழ்ந்த பிரேமை ஒன்றுக்கு மேற்பட்ட அளவில் தரும் மாடல்கள் இருக்கின்றன. அங்கே எம், எல் என்ற எழுத்தை நம்பாமல், சீட் குழாயையும் கையெட்டையும் டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள்.

கடைக்குப் போகும்போது உள்கால் அளவை எழுதிய சீட்டு, டேப், வழக்கமாகப் போடும் செருப்பு மூன்றும் கையில் இருக்கட்டும். காசு கொடுக்கும் முன் போஸ்டை உருவி நீளத்தையும் பொறித்த எண்ணையும் பாருங்கள். சீட்டைக் குதிகால் சோதனைக்கு ஏற்றித் தரச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். தாழ்ந்த சீட்டில் தெரு முனை வரை ஓட்டிப் பார்ப்பது எதையும் காட்டாது. புதிய போஸ்ட் போட்டால் முதல் வாரம் குழாயின் வாயை ஒட்டி ஒரு சுற்று டேப் ஒட்டி வையுங்கள். டேப் சுருங்கியிருந்தால் போஸ்ட் இறங்கியிருக்கிறது என்று பொருள்; சீட் போல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.